தூக்கிக்கொண்ட வினைல் ஷீட்டும் ஒரு சொட்டு நீலமும்

கேள்வி: சென்னை வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடியில் சொந்த ஃப்ளாட். முப்பது வருடக் கட்டடம். பாத்ரூம் எட்டடிக்கு ஐந்தடி, பழைய மொசைக் தரை. கதவுப் பக்கம் வாஷ்பேசின், அடுத்து கமோடு, உள்கோடியில் குளிக்கும் இடம். அம்மாவுக்கு 74 வயது. மொசைக்கில் ஒருமுறை வழுக்கிவிட்டார் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு தரை முழுக்க வினைல் ஷீட் ஒட்டினோம். இந்த மழையில் கமோடைச் சுற்றியும் குளிக்கும் இடத்திலும் ஷீட் தூக்கிக்கொண்டது. கதவோரத்தில் முனை சுருண்டு நிற்கிறது. அடியில் கறுப்பு, ஒரே வாடை. இன்ஸ்டன்ட் பசை போட்டேன், ஒரு வாரம் நின்றது. பிறகு தச்சர் கொடுத்த மஞ்சள் பசை, மூன்று வாரம். எந்தப் பசை வாங்கினால் நிரந்தரமாக நிற்கும்? இப்போது தரையை உடைக்க வழியில்லை. கோடை விடுமுறையில்தான் அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்ப முடியும்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். பசையைப் பிறகு பார்ப்போம். இதைப் படித்த கையோடு, கதவோரத்தில் சுருண்டு நிற்கும் அந்த முனையை வெட்டி எறியுங்கள். ஸ்கேல் வைத்து, கட்டர் பிளேடால், ஷீட் தரையைப் பிடித்திருக்கும் இடம் வரை நேராக ஒரு கோடு. வெட்டின விளிம்பின் மேல் அகலமான துணி டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கினால் சுவரையோ பேசினையோ பிடிக்க ஒரு நொடி கிடைக்கலாம். சுருண்ட ஷீட்டில் கட்டைவிரல் மாட்டினால் ஆள் முகங்குப்புறத்தான் போவார், அந்த ஒரு நொடியும் கிடைக்காது.

இனி உங்கள் கேள்வி. ஒரு பசை ஒரு வாரம், இன்னொன்று மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் இரண்டு ஜாதிப் பசை தோற்கிறது என்றால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். மூன்றாவதாக எதை வாங்கினாலும் நாட்கணக்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வினைல் ஷீட் தன் உடம்பு வழியாகத் தண்ணீரை விடாது. அதுதான் அதன் பெருமை, உங்கள் பாத்ரூமில் அதுவே வினை. ஓரத்தின் வழியாக உள்ளே போன தண்ணீர் மேலே ஆவியாகிப் போக வழியில்லாமல் மூடி போட்ட பாத்திரத்தில் கிடப்பதுபோல் கிடக்கிறது. கறுப்பும் வாடையும் அங்கேதான் பிறக்கின்றன.

நீங்கள் போட்ட பசைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் யாராவது அதே கடைக்குப் போவதற்குள். இன்ஸ்டன்ட் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். ஷீட்டோ கால் பட்டால் வளையும். ஒன்று வளைய, மற்றது விறைக்க, பத்துக் குளியலுக்குள் பொடியாக உதிர்ந்துவிடும். தச்சர் கொடுத்தது சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. சன்மைக்காவுக்கு அதைப்போல் இன்னொன்று கிடையாது. வினைலுக்கு மட்டும் ஆகாது. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. 1926-இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலைபார்த்த வால்டோ செமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்கை ஒரு திரவத்தில் போட்டுக் காய்ச்சிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை, ரப்பர் போல வளைகிற பிவிசி கிடைத்தது. நம் காலடியில் கிடக்கும் வினைல் ஷீட்டின் பூர்வீகம் அதுதான். இன்றைக்கும் அது வளைவதற்குக் காரணம் உள்ளே கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள். பிளாஸ்டிசைசர் என்பார்கள். அந்த எண்ணெய் மெல்ல மெல்ல ரப்பர் பசைக்குள் இறங்கி அதை ஜவ்வாக்கிவிடும். ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள், மஞ்சள் பசை இழுத்தால் நூல் நூலாக வரும். அதுதான் இது.

ஆகவே முதல் வேலை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஆள் கூப்பிட வேண்டாம். வீட்டில் இருக்கும் சொட்டு நீலம் போதும்.

கமோடைச் சுற்றித் தூக்கியிருக்கும் ஷீட்டை அரையடிக்கு விலக்கி, துடைத்து, உலரவிடுங்கள். கமோடின் அடிப்பாகத்தைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி நெருக்கமாக வையுங்கள். முதல் அரைமணி நேரம் எதையும் தொடாதீர்கள். பேப்பர் தானாகவே நனைந்தால், சுவரோரம் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கோ ஹெல்த் ஃபாசெட்டின் குழாயோ சொட்டுகிறது. முக்கால்வாசி வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். ஹெல்த் ஃபாசெட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஆங்கிள் காக்கை மூடாமல் வருவது நம் எல்லோர் வீட்டுப் பழக்கம். அந்த மெல்லிய குழாயில் இராப்பகலாக அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், வாஷர் தேய்ந்து சொட்டத் தொடங்கும். பேப்பர் உலர்ந்தே இருந்தால், ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நல்ல நீலமாகும் அளவுக்குச் சொட்டு நீலம் விட்டு, நாலைந்து முறை ஃப்ளஷ் செய்யுங்கள். பேப்பரில் நீலம் ஏறினால் கமோடுக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவில் இருக்கும் ஜாயின்ட் போய்விட்டது. அது கழிவுத் தண்ணீர். அதன் மேல் எந்த ஷீட்டையும் ஒட்ட நினைக்காதீர்கள். பிளம்பரைக் கூப்பிட்டு, கமோடைத் தூக்கி, ஜாயின்ட்டைச் சரிசெய்தாக வேண்டும். சுற்றி வெள்ளை சிமென்ட் பூசிவிட்டுப் போகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கசிவு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவே.

அடுத்து வாட்டம். குளிக்கும் இடத்தில் ஷீட்டைச் சுருட்டி எடுத்துவிட்டு ஒரு மக் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது எந்தத் தயக்கமும் இல்லாமல் தரை வடிகாலான நானி ட்ராப்பை நோக்கி ஓட வேண்டும். ஆறடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் இருந்தால் நல்ல வாட்டம். முப்பது வருட மொசைக்கில் அங்கங்கே உள்வாங்கியிருக்கும், தண்ணீர் தட்டு தட்டாக நிற்கும். எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், பின்னால் கொத்தனாருக்குக் காட்டலாம்.

கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்கள் பாத்ரூம் சீலிங்கில் கறை உண்டா என்று. கேட்கத் தயக்கமாக இருக்கும், கேட்டால் பழி நம் மேல் வரும் என்று தோன்றும். ஆனாலும் கேளுங்கள். அந்தக் காலத்து ஃப்ளாட்டுகளில் பாத்ரூமுக்குக் கீழே ஸ்லாபைத் தாழ்வாகப் போட்டு, பைப் ஓடும் அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே மொசைக் போட்டிருப்பார்கள். எங்காவது ஒரு ஜாயின்ட் கசிந்தால் தண்ணீர் அந்தச் செங்கல் ஜல்லியில் குளம் மாதிரி தேங்கும். ஒரு பகுதி கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதமாக இறங்கும், ஒரு பகுதி மேலே மொசைக் வழியாக ஏறும். மேலேறுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மொசைக் நன்றாக உலர்ந்த பிறகு, ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலிதீன் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அடியில் மொசைக் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. அப்படியானால் கோடைவரை அங்கே எதையும் ஒட்டக்கூடாது. கோடையிலும் மேல்பூச்சு வேலையில் தீராது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி என் தீர்ப்பு. குளிக்கும் பக்கத்து ஷீட்டை முழுக்க எடுத்துவிடுங்கள். திரும்ப ஒட்டாதீர்கள். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம் பாத்ரூமில் தினமும் தரையில் கொட்டுகிற தண்ணீருக்கு இந்த ஷீட் செய்யப்பட்டதில்லை. 'வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் குளிக்கும் அறையிலேயே வினைல் போடுகிறார்களே' என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். போடுகிறார்கள்தான். அங்கே ஷீட்டைச் சுவரில் ஒரு சாண் வரை மேலே ஏற்றுவார்கள். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் வினைல் கம்பியைச் சூடாக உருக்கி வார்த்து ஒரே உடம்பாக்குவார்கள். வடிகாலின் வாயில் ஷீட்டை வளையம் போட்டு இறுக்குவார்கள். மொத்தத்தில் அது தரை இல்லை, ஒரு தொட்டி. நம் ஊரில் கார்பெட் கடைப் பையன் கத்தரியோடு வந்து ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போவது விரிப்பு. விரிப்புக்குத் தொட்டியின் வேலையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

வாஷ்பேசின், கமோடு பக்கம் கதை வேறு. அங்கே தண்ணீர் தெளிக்கும், தேங்காது. ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பஞ்சு போலவோ கம்பளி போலவோ ஒரு அடுக்கு இருந்து அது கறுத்திருந்தால் அந்தத் துண்டையும் குப்பையில் போடுங்கள். அந்தப் பஞ்சுக்குள் போன பூஞ்சையை எதுவும் எடுக்காது. அடிப்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் காப்பாற்றலாம். கமோடு சோதனையிலும் பாலிதீன் சோதனையிலும் தேறியிருந்தால் மட்டும்.

காப்பாற்றும் முறை இது. தூக்கியிருக்கும் ஷீட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், கிழியும். ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சூடாக்கினால் ஷீட் இளகும், அடியில் பட்டி பிளேடை நுழைத்து நுழைத்து, பசை கெட்டியாகப் பிடித்திருக்கும் இடம் வரை விடுவித்து, ஒரு குழாயில் சுற்றி நிறுத்துங்கள். தரை உலர்ந்திருக்கும்போது மட்டும் டிரையரைத் தொடுங்கள். பாத்ரூமும் மின்சாரமும் விளையாட்டுக்கு ஆகாத ஜோடி. பிறகு ஷீட்டின் முதுகிலும் மொசைக்கிலும் இருக்கும் பழைய பசையைச் சுரண்டுங்கள். பிசுபிசுப்பு மிச்சம் வைத்து அதன்மேல் புதுப் பசை போடுவதில் பயன் இல்லை. பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். பூட்டிய பாத்ரூமில் அந்த ஆவியே ஆபத்து, போதாக்குறைக்கு தின்னர் ஷீட்டையே உருக்கிவிடும்.

கறுப்புக்கு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. டாய்லெட் கழுவும் ஆசிட்டை அதே நாளில் அங்கே கொண்டுவராதீர்கள். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். அது தவிரவும் மொசைக்கில் ஆசிட் ஊற்றுவதே தப்பு. மொசைக்கில் மினுங்குவது பளிங்குச் சில்லு, அது ஆசிட்டில் பொரிந்து கரையும். முப்பது வருடத்தில் உங்கள் தரை சொரசொரப்பாகித் தட்டு தட்டாகக் குழிந்திருந்தால் அதில் ஆசிட் பாட்டில்களுக்கும் பங்கு உண்டு.

பிறகு உலர்த்த வேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார்த்திகை மாதத்தில், வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் அவசரத்தில், காலையில் துடைத்த தரையில் மத்தியானமே ஒட்டினேன். கைவைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. பத்தாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஷீட் முழுக்கப் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்து, சொந்தச் செலவில் தை மாதம் மறுபடி போட்டுக் கொடுத்தேன். தரையின் மேல்தோல் காய்வது வேறு, உள்ளே காய்வது வேறு. மூன்று நாள், ஸ்டாண்ட் ஃபேனைக் கதவுக்கு வெளியே வைத்து உள்ளே காற்றை விடுங்கள். அந்த மூன்று நாளும் குளியல் பக்கத்து வீட்டிலோ இன்னொரு பாத்ரூமிலோதான். இப்போது அடைமழையாக இருந்தால் பொங்கல் வரை தள்ளிப்போடுவதே நல்லது. ஈரக்காற்றில் மூன்று நாள் போதாது, ஆறு நாளும் போதாது.

மொசைக்கில் குழி இருந்தால் நிரவ வேண்டும், இல்லையென்றால் குழியின் மேல் ஷீட் தொய்ந்து நாளடைவில் கிழியும். சுவருக்குப் போடும் பட்டி வேண்டாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டவே வேண்டாம், இரண்டும் ஈரத் தரையில் தாங்காது. பாலிமர் கலந்த சிமென்ட் ரிப்பேர் கலவை என்று ஹார்டுவேர் கடையில் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பசை. இரண்டு டப்பாவில் வந்து கலந்து பூசும் எப்பாக்சி அல்லது பாலியூரிதேன் வகை. டப்பாவின் மேல் 'வினைல் தரைக்கு', 'ஈரமான இடத்துக்கு' இரண்டும் எழுதியிருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்தது டப்பாவிலேயே இறுகிவிடும். கையுறை கட்டாயம். பல் வைத்த கொத்தனார் கரண்டியால் மொசைக்கில் மெல்லிதாக இழுத்து, ஷீட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறக்குங்கள். அழுத்த ரோலர் வேண்டும் என்பார்கள். இந்த அளவு இடத்துக்குத் துணி சுற்றிய சப்பாத்திக் கட்டை போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எப்போதும் அந்தத் திசையில்தான், காற்று வெளியேற வேண்டும். மேலே வழிந்த பசையை உடனே துடைத்துவிட்டு, பாலிதீன் விரித்து, பலகை போட்டு, கனத்துக்கு அரிசி மூட்டையோ நாலு செங்கலோ ஏற்றி ஒரு நாள் விடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது.

கடைசியில் விளிம்பு. குளிக்கும் பக்கம் ஷீட்டை வெட்டி நிறுத்தும் கோடு இருக்கிறதே, இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் மறுபடி நுழைவதும் அந்த வழியாகத்தான். வெட்டின விளிம்பின் அடியில், இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசையை ஓட்டி, மேலே அலுமினியப் பட்டை ஒன்றையும் சிலிக்கானிலேயே உட்கார வையுங்கள். ஸ்க்ரூ அடித்தால் மொசைக்கில் துளை விழும், தண்ணீருக்கு நாமே வழி போட்டுக் கொடுத்ததாகும். பட்டை உயரம் குறைவாக, ஓரம் சரிவாக இருக்கட்டும், அம்மா கால் தட்டக்கூடாது. சுவரோரமும் கமோடைச் சுற்றியும் அதே சிலிக்கான். சிலிக்கானில் இரண்டு வகை உண்டு. பிழியும்போது வினிகர் வாடை அடிப்பது ஆசிட் வகை, சிமென்ட்டிலும் பளிங்குச் சில்லிலும் சரியாகப் பிடிக்காது. நியூட்ரல் என்று எழுதிய, பூஞ்சை எதிர்ப்பு உள்ள பாத்ரூம் சிலிக்கானாகக் கேட்டு வாங்குங்கள். கமோடைச் சுற்றும்போது பின்பக்கம் இரண்டு விரல் அகலம் சிலிக்கான் போடாமல் விடுவது என் வழக்கம். என்றைக்காவது ஜாயின்ட் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். இதை ஒப்புக்கொள்ளாத பிளம்பர்களும் இருக்கிறார்கள்.

நடுவில் ஒரு இடம் மட்டும் கிழிந்து, பரணில் மிச்சத் துண்டு கிடந்தால், அதைக் கிழிசலின் மேல் டிசைன் பொருந்துமாறு வைத்து, டேப்பால் அசையாமல் பிடித்து, புதுக் கத்தியால் இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். மேல் துண்டு கீழ்த் துளைக்கு முடி அளவும் பிசகாமல் உட்காரும்.

குளிக்கும் பக்கம் கோடைவரை என்ன செய்வது? ஷீட்டைப் பெயர்த்த இடத்து மொசைக்கைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, துளை வைத்த ரப்பர் மேட் போடுங்கள், அடியில் சிறு குமிழ்கள் பிடிப்பது மாதிரியானது. தினமும் குளித்ததும் தூக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள். தூக்காமல் விட்டால் அதன் அடியிலும் இதே கறுப்பு வரும், வழுக்கும். மேட்டை விட முக்கியம் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி. உறிஞ்சிப் பிடிக்கும் கப் வைத்த கைப்பிடி வேண்டாம், ஆள் கனம் விழும்போது அது கையோடு வந்துவிடும். சுவரைத் துளைத்து, ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியதுதான் வேண்டும். கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. இதற்குத் தரையை உடைக்க வேண்டாம், கோடைவரை காத்திருக்கவும் வேண்டாம்.

கோடையில் கொத்தனார் வரும்போது மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பார். சுலபம்தான். ஆனால் தரை உயரும். பாத்ரூம் தரை வெளி அறையை விட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும், அது போய்விட்டால் தண்ணீர் ஹாலுக்கு வரும், கதவும் தட்டும். கீழ்வீட்டில் கறை இருந்தாலோ பாலிதீன் வியர்த்திருந்தாலோ உடைத்தே ஆக வேண்டும். உடைத்தால் வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் ஒரு அடி வரை ஏற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பு நானி ட்ராப்பை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்தி, கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். 'அதெல்லாம் தேவையில்லம்மா' என்று சொல்கிற ஆளுக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். டைல்ஸ் பெட்டியில் வழுக்கல் எண் போட்டிருப்பார்கள், ஆர் 9-இலிருந்து ஆர் 13 வரை. எண் ஏற ஏற பிடிப்பு அதிகம். உங்களுக்கு ஆர் 11 சரியாக இருக்கும். பெரிய டைல்ஸ் வேண்டாம், சின்னதாக எடுங்கள். இடுக்குகள் கூடினால் காலுக்குப் பிடி கூடும், வாட்டத்தையும் சுலபமாக எடுக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டொராண்டோவிலோ லண்டனிலோ 1980-களிலோ அதற்கு முன்போ கட்டிய வீடு, தரையில் அந்தக் காலத்து வினைல் என்றால், மேலே நான் சொன்ன சுரண்டல் எதையும் செய்யாதீர்கள். அப்போதைய வினைல் டைல்களிலும் ஷீட்டின் அடிப்பஞ்சிலும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். சகோதரியின் ஷீட் இரண்டு வருடத்தது, அந்தப் பயம் இல்லை.

குளிக்கும் இடத்தில் அம்மா உட்காரப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கவிழ்த்துக் கால்களைப் பாருங்கள். அடி தேய்ந்து கூராகியிருந்தால் ஷீட்டில் முதல் ஓட்டை போட்டது அதுவாகவே இருக்கலாம். நாலு ரப்பர் புஷ் வாங்கி மாட்டிவிடுங்கள். ஷீட் போனாலும் மேட்டின் மேல் ஸ்டூல் நகராமல் நிற்க அது வேண்டும்.